உதட்டோரக் காய்ச்சல் கொப்புளம்: முதல் குறுகுறுப்பிலேயே செய்ய வேண்டியவை

காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரத்தில் ஒரு குறுகுறுப்பு. மாலைக்குள் அந்த இடம் தடித்துச் சிவக்கிறது. விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால், கடுகளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒரே கொத்தாக நிற்கின்றன. "உள்காய்ச்சல் வெளிய வந்துருச்சு, இனி பயமில்ல" என்கிறார் பாட்டி. "ராத்திரி ஏதாச்சும் பூச்சி ஊர்ந்திருக்கும்" என்கிறார் அப்பா. மருந்துக்கடையில் கேட்டால் சத்து மாத்திரை ஒரு பட்டை தருகிறார்கள்.

உண்மையான காரணம் ஒரு வைரஸ். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை (வாயைச் சுற்றிக் கொத்துக் கொப்புளம் உண்டாக்கும் நுண்கிருமி) என்று அதற்குப் பெயர். பூச்சியும் இல்லை, விஷமும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. பாட்டி சொன்னதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. காய்ச்சலுக்கும் கொப்புளத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் உள்ளே இருந்த காய்ச்சல் வெளியேறி அப்படிக் கொப்புளிக்கவில்லை. காய்ச்சல் வந்த உடம்பில், ஏற்கெனவே உள்ளே இருந்த கிருமி விழித்துக்கொண்டது.

ஏற்கெனவே உள்ளே இருந்ததா, எப்போது வந்தது? பெரும்பாலும் நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது. உங்களைத் தூக்கிக் கொஞ்சி முத்தம் கொடுத்த யாரோ ஒரு உறவினரின் எச்சில் வழியாக வந்திருக்கும். அவருக்கே தெரிந்திருக்காது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களிடம், இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை.

முதல் தொற்று அடங்கியதும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் வழியே மேலேறி, மண்டையோட்டின் அடியில் காதுக்கு உட்புறமாக இருக்கும் நரம்பு முடிச்சில் (நரம்பு அணுக்கள் திரண்டிருக்கும் இடம்) போய்த் தங்கிவிடுகிறது. வற்றிய ஏரியின் மண்ணுக்குள் மழை வரும்வரை காத்திருக்கும் தவளையைப் போல அங்கே கிடக்கிறது. சமயம் வாய்த்தால் அதே நரம்பின் வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கொப்புளம் வருவது இதனால்தான்.

எது அதை எழுப்புகிறது? காய்ச்சல், சளி, தூக்கமின்மை, மனக்கவலை, மாதவிலக்கு, பல் பிடுங்குவது, உதட்டில் படும் அடி, காய்ந்து வெடித்த உதடு. இவற்றோடு, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெயில். பாலக்கோட்டுத் தோட்டங்களில் தக்காளி பறிப்பவர், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்வருபவர் எல்லாருக்கும் உதட்டில் நேராக வெயில் விழுகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் (கண்ணுக்குத் தெரியாமல் தோலைச் சுடும் ஒளி) உதட்டுத் தோலின் காவலைத் தளர்த்திவிடுகிறது. தண்ணீரின் மேல் வேலை செய்பவருக்கு மேலிருந்து ஒரு வெயில், கீழே நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் இன்னொன்று.

ஆகவே "சூட்டுக் கொப்புளம்" என்று நம் வீடுகளில் சொல்வது முழுத் தவறு அல்ல. ஆனால் அந்தச் சூடு வெளியிலிருந்து படும் வெயில், இல்லையென்றால் காய்ச்சல். கோழிக்கறி தின்றதாலோ மாம்பழம் தின்றதாலோ இது வருவதில்லை. பத்தியம் இருந்தால் இது போய்விடும் என்பதும் இல்லை. உடம்பு தேறவேண்டிய நேரத்தில் பத்தியம் என்று பட்டினி கிடப்பதில் பயன் ஏதும் கிடையாது.

இது வாய்ப்புண்தானே, மணத்தக்காளிக் கீரை தின்றால் சரியாகிவிடாதா? இரண்டும் வேறு. வாய்ப்புண் வாய்க்கு உள்ளே, கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வரும். வெள்ளையாகக் குழி விழுந்திருக்கும், தொற்றாது. காய்ச்சல் கொப்புளம் உதட்டின் சிவப்பும் முகத்தோலும் சேரும் எல்லையில் வரும், முதலில் நீர் கோக்கும், பிறகு உடைந்து பொருக்குக் கட்டும், பிறருக்குத் தொற்றும். இன்னொன்றும் இருக்கிறது: வாயின் இரண்டு கடைவாயிலும் தோல் வெடித்து, வாயைத் திறந்தாலே வலிப்பது. அதற்குத்தான் பி வைட்டமின் குறைவும் இரும்புச் சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். மருந்துக்கடையில் இந்த மூன்றுக்கும் ஒரே சத்து மாத்திரையைத் தருகிறார்கள். கொத்துக் கொப்புளத்துக்கு அது எதுவும் செய்யாது.

அக்கி என்று சொல்கிறார்களே, அதுதானா இது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊரில் கொத்தாக எங்கே கொப்புளம் வந்தாலும் அக்கி என்கிறோம். மருத்துவர்கள் அக்கி என்று குறிப்பது பெரும்பாலும் வேறொரு நோயை. சின்னம்மை வந்து போனவர்களின் நரம்பில் தங்கிவிடும் வைரஸ், பல ஆண்டுகள் கழித்து எழுந்து, முதுகிலோ விலாவிலோ முகத்திலோ உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டை போலக் கொப்புளமாக வரும். உதட்டுக் கொப்புளத்தின் வைரஸும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல.

அக்கிக்கு மண்பாண்டம் வனைபவரிடம் போய்க் காவிமண் குழைத்து எழுதிக்கொள்வது தமிழ்நாடு முழுவதும் இருக்கும் வழக்கம். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் காசுக்காகச் செய்வதில்லை, அக்கறையோடு செய்கிறார்கள். ஈரக்காவி பட்டதும் குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் தணியும். எழுதிய சில நாளில் கொப்புளமும் வற்றுகிறது. எழுதாமல் இருந்திருந்தாலும் வற்றியிருக்கும் என்பதுதான் விஷயம். காவியால் நரம்புக்குள் இருக்கும் வைரஸைத் தொட முடியாது. உடைந்த புண்ணில் மண் படுவதால் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இதைவிடப் பெரிய இழப்பு நேரம். உடம்பில் பட்டையாக வரும் அக்கிக்கு 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் ஆறும், தொடக்கத்து வலியின் கடுமையும் குறையும். எழுதிப் பார்ப்போம், மூன்று நாள் பொறுப்போம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகிறது. எழுதித்தான் ஆகவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்தினால் அவர்களோடு சண்டை போட வேண்டாம். அன்றைக்கே மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலும் உடைந்த புண்ணிலும் மட்டும் காவி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஏழு முதல் பத்து நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில், தானே ஆறிவிடும். பெரும்பாலும் தழும்புகூட இருக்காது. அப்படியானால் மருந்து எதற்கு? வலியும் நாளும் குறைய, அடிக்கடி வருபவர்களுக்கு வராமல் தடுக்க.

மருந்தின் பெயர் அசைக்ளோவிர். அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில், கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரின் குழுவினர் உழைப்பில் உருவானது. மருந்து ஆய்வில் அவர் செய்த பணிகளுக்காக 1988இல் மருத்துவ நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். இந்த மருந்தின் சிறப்பு என்னவென்றால், வைரஸ் புகுந்த அணுவில்தான் அது முழுமையாக வேலை செய்யத் தொடங்கும். வைரஸ் தனக்காகச் செய்துகொள்ளும் ஒரு நொதியே (உடம்பின் வேதி வேலைகளைச் செய்யும் புரதம்) மருந்தை முடுக்கிவிடுகிறது. அதனால் நல்ல அணுக்களுக்குப் பாதிப்பு குறைவு. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது.

களிம்பா, மாத்திரையா? 5 சதவீத அசைக்ளோவிர் களிம்பை நாளுக்கு ஐந்து முறை, நான்கைந்து நாள் பூச வேண்டும். இதன் பயனைக் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை: புண் ஆறுவதை அரை நாளோ ஒரு நாளோ முந்தச் செய்யும், அவ்வளவே. அதுவும் குறுகுறுப்புத் தொடங்கிய உடனே பூசினால்தான். கொப்புளம் உடைந்து பொருக்குக் கட்டிய பிறகு தடவினால் பணம்தான் செலவு. மாத்திரை களிம்பைவிடச் சற்று நன்றாக வேலை செய்யும். வாலசைக்ளோவிர் என்ற அதன் உறவு மருந்தைப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு நாளில் இரண்டு வேளையோடு முடித்துவிடும் முறையும் உண்டு. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவைக் குறைத்தாக வேண்டும், அதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் தண்ணீர் குடிக்காமல் இதை எடுத்தால் சிறுநீரகத்துக்குத் தொல்லை வரலாம்.

குறுகுறுப்பு வந்ததும் டாக்டரைத் தேடி எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆண்டுக்குப் பலமுறை வருகிறது என்றால், நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரூர், பென்னாகரம், பாலக்கோடு அரசு மருத்துவமனைகளிலோ, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ காட்டுங்கள். "அடுத்த முறை தொடங்கும்போது எடுக்க மருந்து எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், முதல் குறுகுறுப்பிலேயே தொடங்கிவிடலாம். ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வருபவர்களுக்குத் தினமும் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்து வராமல் தடுக்கும் முறையும் இருக்கிறது.

வலிக்கு? பாரசிட்டமால் போதும். துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ ஐந்து நிமிடம் ஒற்றி எடுங்கள். பொருக்கு கட்டியதும் வாசலின் மெல்லப் பூசினால் வெடித்து ரத்தம் வராது. விரலால் பூசினால் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். புளி, எலுமிச்சை, ஊறுகாய், மிளகாய் சில நாள் எரியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி உடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கையால் உதட்டைத் தொடாமல் இருந்தாலே பாதி எரிச்சல் மிச்சம்.

பற்பசை, சுண்ணாம்பு, விபூதி, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். பற்பசை கொப்புளத்தைக் காயவைப்பது போலத் தெரியும். உண்மையில் தோலை அரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். தேன்? நியூசிலாந்தில் மருத்துவத் தரத்தில் தூய்மைப்படுத்திய ஒரு வகைத் தேனை அசைக்ளோவிர் களிம்போடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. களிம்பின் பயனே சிறிது என்பதையும் சேர்த்து இதைப் படிக்க வேண்டும். சித்தேரி மலைத்தேனைப் பெரியவர்கள் உதட்டில் தடவிக்கொண்டால் கெடுதல் இல்லை.

ஒரு வகைக் களிம்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிப்பு, படை, கொப்புளம், முகக்கருமை எல்லாவற்றுக்கும் என்று கடைகளில் கொடுக்கும் பல கூட்டுக் களிம்புகளில் ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும், அதோடு தோலின் எதிர்ப்பையும் அடக்கும் மருந்து) இருக்கிறது. தடவிய அன்று சிவப்பு குறையும், நல்ல மருந்து என்று தோன்றும். கூடவே தோலின் காவல் அடங்கிவிடுவதால் வைரஸுக்குக் கொண்டாட்டம். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்க மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. பெட்டியின் பின்புறம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், மருத்துவர் சொல்லாமல் உதட்டில் பூசாதீர்கள்.

இது யாருக்கு ஆபத்து? நன்றாக இருக்கும் பெரியவருக்குத் தொல்லைதான், ஆபத்து இல்லை. பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. முதல் ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் ஈரல், மூளை வரை போகக்கூடும். நடப்பது அரிது, ஆனால் நடந்தால் கொடுமை.

இங்கேதான் நம் வழக்கங்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுச் சேனை வைப்பது உண்டு. அந்தப் பெரியவரின் உதட்டில் கொப்புளம் இருந்து, அதைத் தொட்ட விரல் குழந்தையின் வாய்க்குப் போனால்? சேனையே வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் ஆலோசனை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. பார்க்க வரும் உறவினர்களிடம் "குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீங்க சித்தி, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாய்க்கே கொப்புளம் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயை மூடி முகக்கவசமோ சுத்தமான துணியோ கட்டிக்கொண்டு கொடுக்கலாம். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை முத்தம் மட்டும் வேண்டாம். மார்பில் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கத்துப் பாலை மட்டும் தவிர்த்து, உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, தோலில் ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் தொற்று வேறு மாதிரி வரலாம். கடுமையான காய்ச்சல், ஈறு வீங்கிச் சிவந்து ரத்தம் கசியும், வாய் முழுக்கப் புண், எச்சில் ஒழுகும், எதையும் விழுங்காது. புண்ணைவிட நீர் வற்றிப்போவதுதான் இங்கே பயம். ஆறிய கேழ்வரகுக் கூழ், மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று கரண்டி கரண்டியாக விடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இதிலும் முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் உண்டு. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்திருந்தால் அந்த மூன்று நாளும் வீணாகும்.

அடுத்தது கண். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் வைரஸ் கருவிழிக்குப் போகலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவர். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, பழைய சொட்டு மருந்தைத் தேடி எடுப்பது எதுவும் கூடாது. அந்தப் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழியில் நிலையான தழும்பு விழுந்து பார்வையே போகலாம்.

உடம்பில் கரப்பான் (அரிப்போடு தோல் தடிக்கும் நோய்) உள்ளவருக்குக் கொப்புளம் வேகமாகப் பரவக்கூடும், உடனே காட்ட வேண்டும். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வலிப்பு, கடும் தலைவலி வந்தால் மூளையைத் தாக்கியிருக்கலாம். மிக அரிது, ஆனால் 108க்கு உரிய அவசரம்.

மற்றவர்களுக்குப் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கொப்புளம் உடைந்து நீர் கசியும் நாட்களில்தான் தொற்று அதிகம். பொருக்கு உதிர்ந்து ஆறும்வரை முத்தம் வேண்டாம். துண்டு, டம்ளர், உதட்டுச் சாயம், ஷேவிங் பிளேடு தனியாக இருக்கட்டும். வேலையிடத்தில் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பது வேண்டாம். சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இதற்கு மிக நல்லது, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வாய்வழி உறவில் இதே வைரஸ் பிறப்புறுப்புக்கும் போகும் என்பதால், புண் இருக்கும்போது அதுவும் கூடாது.

கடைசியாக, பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. இது கெட்ட பழக்கத்தால் வரும் நோயா? கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு உதட்டில் கொப்புளம் வந்தால், புதிதாய் மணமானவரின் மனைவிக்கு வந்தால், பேச்சு ஒரு மாதிரியாகப் போகிறது. தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். குழந்தைப் பருவத்தில் வந்து நரம்பில் கிடந்தது இருபது, முப்பது ஆண்டு கழித்து முதல் தடவையாகக் கொப்புளிக்கலாம். அதை வைத்து ஒருவரின் நடத்தையைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. இது எய்ட்ஸின் அறிகுறியும் அல்ல.

வராமல் தடுக்க வெயிலிலிருந்து தொடங்குங்கள். வயலுக்குப் போகும்போது முந்தானையையோ துண்டையோ தலைக்குப் போடுவதோடு நிற்காமல், உதட்டிலும் நிழல் விழும்படி இழுத்து விடுங்கள். அகல விளிம்புத் தொப்பி இன்னும் நல்லது. வெயில் தடுக்கும் உதட்டுப் பூச்சு, பொட்டலத்தில் எஸ்பிஎஃப் 30 என்று இருப்பது, கிடைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசலாம். பல் வைத்தியம் செய்ய நாள் குறித்திருக்கையில் கொப்புளம் வந்துவிட்டால், பல் மருத்துவரிடம் சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

ஒரு வாரத்தில் வற்றத் தொடங்காமல் பரவினால், மஞ்சள் சீழ் வைத்தால், சர்க்கரை நோயோ புற்றுநோய் சிகிச்சையோ உள்ளவருக்கு வந்தால் மருத்துவரைப் பாருங்கள். உதட்டிலோ வாயிலோ எந்தப் புண்ணாக இருந்தாலும் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் அதைக் காய்ச்சல் கொப்புளம் என்று விட்டுவிடக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுபவரும் உதட்டிடுக்கில் ஹான்ஸ் புகையிலை வைப்பவரும் அதைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் காட்டியே ஆக வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.